டயருக்கு வைத்த பொட்டு

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருக்கும் ஆண்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்கு வாரம் தவறாமல் குளியல் உண்டு. உள்ளே சாமி படம், பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயர், பம்பரில் கறுப்புக் கயிறு, சூடம் சாம்பிராணி எல்லாம் உண்டு. டயர் பக்கம் மட்டும் ஒருவரும் குனிய மாட்டார்கள். நின்றபடியே செருப்புக் காலால் ஓங்கி ஒரு எத்து எத்துவார்கள். கல் மாதிரி இருந்தால் காற்று இருக்கிறது, கால் அமுங்கினால் காற்று இல்லை. அவர்களுடைய மொத்த விஞ்ஞானமும் அந்தச் செருப்பு நுனியில் முடிந்துவிடும்.

நான் விளாங்குடியில் இருக்கிறேன். சின்னக் கார் ஒன்று வாங்கி நானே ஓட்டுகிறேன். முதல் தடவை டயர் மாற்றப் போனபோது, டயரின் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டிருந்த எண்களைக் காட்டி அது என்னவென்று கடைக்காரரைக் கேட்டேன். "அது கம்பெனி நம்பருக்கா" என்றார். அதற்கடுத்து இருக்கும் எண்? "அதுவும் கம்பெனி நம்பர்தேன்." கீழே பொடி எழுத்தில் இருப்பது? அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அதெல்லாம் படிக்கிறதுக்குப் போட்டது இல்லக்கா" என்றார்.

படிப்பதற்கு இல்லாமல் எதற்கு எழுதுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து, காரோடு கொடுத்திருந்த கையேட்டை எடுத்தேன். எல்லார் காரிலும் அது இருக்கிறது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், விபூதிப் பொட்டலத்துக்கும் பழைய மாஸ்க்குக்கும் அடியில் இருக்கும். ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது. அளவைச் சொல்லும் எண்களுக்கு அடுத்து வரும் இரட்டை இலக்கம் எடைக்கானது. 84 என்றால் 84 கிலோ இல்லை. அட்டவணையில் 84க்கு நேரே ஐந்நூறு கிலோ என்று இருக்கும். 94க்கு நேரே அறுநூற்று எழுபது. அந்த ஒரு டயர் அதற்கு மேல் தாங்காது, அதுவும் காற்று சரியாக இருந்தால். ஒட்டினாற்போல வரும் ஆங்கில எழுத்துதான் வேகத்துக்கு. பொடி எழுத்தில் இருக்கும் காற்றின் அளவு டயரின் உச்ச வரம்பு, அம்புட்டையும் அடைக்கச் சொல்லும் உத்தரவு இல்லை. நம் காருக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். அதையும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு அளக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. குனிந்தால் போதும்.

என் தங்கையை வில்லாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன வைகாசியில் அவளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு நடந்தது. வளையல் போட்டு முடித்ததும் அவளைச் சோழவந்தானில் இருக்கும் எங்கள் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பிரசவம் அங்கேதான். கொண்டுவந்து விடும் கூட்டம், புள்ளைத்தாய்ச்சியையும் சேர்த்து, ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது அவள் புகுந்த வீட்டு வழக்கம். எல்லாரும் ஒரே வண்டியில் வர வேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது.

அன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை புருஷனின் கார் வாசலில் மாலையோடு நின்றது. ஏழு பேர் உட்காரும் கார். நான்கு டயருக்கும் சந்தனம் குழைத்து, உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் காத்திருந்தது. அந்த டயர்களுக்கு அதுவரை நடந்த ஒரே மரியாதை அதுவாகத்தான் இருக்கும்.

பின் டயர் இரண்டும் முன் டயரைவிட ஒல்லியாக இருப்பது எனக்கு நடந்து வரும்போதே தெரிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். சரியாக எண்ணின் மேலேயே பொட்டு. டயர் முழுக்க இடம் இருக்க, எவனோ தேடிப்பிடித்து அங்கே வைத்திருக்கிறான். கட்டைவிரலால் துடைத்தேன். 84. எழுந்துபோய் ஓட்டுநர் கதவைத் திறந்தேன். தூணில் ஒட்டியிருந்த சீட்டில், காருக்கு வேண்டிய டயர் அளவோடு 94.

"தம்பி, பின்னால டயரு எப்ப மாத்துனீங்க?" என்று தங்கை புருஷனைக் கேட்டேன்.

"போன மாசம் மதினி. மாமாவுக்குத் தெரிஞ்ச எடத்துல கெடைச்சுச்சு. ரிம்முக்கு அப்புடியே பொருந்திருச்சு."

"இதுல எம்பத்தி நாலுன்னு போட்டிருக்கே."

"ஆமா, எம்பத்தி நாலு. அந்த வேகத்துக்கு மேல நம்ம எங்க போப்போறோம் மதினி? இவள வச்சுக்கிட்டு நான் அறுபதத் தாண்ட மாட்டேன், நீங்க பயப்படாதீங்க."

எடையை வேகம் என்று படித்துவிட்டு எனக்குத் தைரியம் சொன்ன அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியாது. அம்புட்டு நிம்மதி அதில். அறியாமையை ஒருவர் இவ்வளவு சௌகரியமாக உடுத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை. அது எடை என்றும், நீங்கள் ஏற்றப்போகும் கூட்டத்தைப் பின்னால் இருக்கும் இரண்டும் தாங்காது என்றும் சொன்னேன். அவர் திரும்பி அவருடைய தாய்மாமனைப் பார்த்தார்.

தாய்மாமன் என்றால் அந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையது. ஒரு காலத்தில் குட்டி லாரி ஒன்று வைத்திருந்தார். அந்த லாரியை வைத்து எப்படிப் பிழைத்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு டயர், இன்ஜின், ரோடு, போலீஸ், மழை எல்லாவற்றுக்கும் அவர்தான் நிபுணர். வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின் டயரை ஒரு எத்து எத்தினார்.

"கல்லு மாதிரி இருக்கு தாயி. நான் பாக்காத டயரா?"

"கால் அமுங்குதே மாமா."

"அது நாந்தேன் காலையில காத்த எறக்கிவிட்டேன். வெயிலுக்குக் காத்து உள்ளார விரியும்ல? அடைச்சு வச்சிருந்தா என்னத்துக்காகும்?"

எடைக்குப் போதாத டயர். அதில் ஒழுங்காக இருந்த காற்றையும் திறந்துவிட்டிருக்கிறார், நிபுணர். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்ந்து தன்னாலேயே கொதிக்கும் என்பதை அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. குரல் உயர்ந்துவிட்டது.

"காத்து கம்மியா இருந்து ஆளு கூட ஏறுனாத்தேன் மாமா வெடிக்கும்!"

அந்த நேரம் பார்த்துத் தங்கையின் மாமியார் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தார். பின்னாலேயே என் தங்கை, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க.

"என்ன வார்த்த சொல்ற நீ?" என்றார் மாமியார். "மாசமா இருக்க புள்ள வண்டியேறுற நேரத்துல?" பிறகு அவர் பார்வை டயருக்குப் போனது, அங்கிருந்து என் கட்டைவிரலுக்கு வந்தது. விரல் சிவப்பாக இருந்தது. "பொட்டையும் அழிச்சிட்டியா?"

நான் ஒரு டயரின் எண்ணைப் படித்தேன். அங்கே கூடியிருந்தவர்களுக்கு நான் வளைகாப்பு நாளில் பொட்டை அழித்தவள். இனி எந்த எண்ணைச் சொல்லியும் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது. "சரி, நீங்க எதுலயோ வாங்க. இவள என் காருல அனுப்புங்க" என்றேன்.

எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் குழந்தை இல்லை. அன்று காலை வளையல் போட எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, என் பக்கம் வரும்போது "நீ அப்பறமாப் போடலாம்த்தா" என்று நகர்த்தியிருந்தார்கள். நான் தங்கைக்கு வளையல் போடவே இல்லை. அப்படிப்பட்டவள் ஓட்டும் காரில் புள்ளைத்தாய்ச்சியை ஏற்றுவார்களா? அதை முகத்துக்கு நேரே சொல்லாமல் இருக்கும் அளவுக்கு நாகரிகம் இருந்தது. மாமியார் வேறொன்று சொன்னார். "இவ எறங்குனா ஒத்தப்படை போயிரும்."

அந்த வீட்டில் கணக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு இருந்தது. அதற்குப் பிறகுதான் என் தங்கையோடு சேர்த்து எண்ணிப் பார்த்தார்கள், எட்டு வந்தது. எட்டு ஆகாது. ஒரு ஆளைக் குறைப்பார்கள் என்று நினைத்தீர்களானால் அவர்களை உங்களுக்குத் தெரியாது. பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தப்பாவைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். இரண்டு பேர் எடை இருந்த மனிதர். ஒன்பது ஆனது. எல்லார் முகத்திலும் திருப்தி. கலவைச் சோற்றுக் குண்டாக்களும் பலகார டின்களும் பின்னால் ஏறின. பின் டயரின் மேல்பாதி தெரியாத அளவுக்குக் காரின் உடம்பு இறங்கியது.

நான் தங்கையின் ஜன்னல் அருகே போனேன். பின்பக்கம் வலது ஓரத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அக்கா, சும்மா இரேன். கெளம்புற நேரத்துல."

மாமியார் சொன்னது எனக்கு ஒன்றுமில்லை. இது வலித்தது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது, வண்டி கிளம்பியது. நான் என் காரில் பின்னாலேயே போனேன். பைபாஸில் பெட்ரோல் பங்க் மாற்றிப் பெட்ரோல் பங்க் வந்தது. ஒவ்வொன்றிலும் காற்றடிக்கும் குழாய் சும்மா தொங்கியது. வழியில் நிறுத்தக் கூடாதே! சமயநல்லூரில் திரும்பிய பிறகு ரோடு குறுகலாகி, வேகத்தடைகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு தடையிலும் பின் டயரின் பக்கம் மாவுருண்டையை அமுக்கின மாதிரி பிதுங்கி, திரும்ப உள்ளே போனது. அந்த வலது டயருக்கு நேர் மேலே என் தங்கையின் தலை தெரிந்தது. கோபமெல்லாம் வில்லாபுரத்திலேயே தீர்ந்துபோயிருந்தது. இப்போது இருந்தது பயம் மட்டும்தான். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். எண்ணைப் படிக்கத் தெரிந்தவளும் கடைசியில் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. வண்டி சோழவந்தானுக்குள் நுழைந்து, அப்பா வீட்டு வாசலில் போய் நின்றது. ஒன்பது பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தங்கைக்கு ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். வண்டி மொட்டை வெயிலில் தனியாக நின்றது.

பந்தி போட்டார்கள். மாமா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பாயசம் வரும்வரை பொறுத்திருந்தார் என்று நினைக்கிறேன். "என்ன தாயி, வெடிச்சுச்சா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார், சம்பந்தி வீட்டுக்காரர்கள் சிரிக்கும்போது வேறு என்ன செய்வார்.

அப்போது வெளியே பெரிய சத்தம் கேட்டது. "எங்கயோ வேட்டுப் போடுறாய்ங்க" என்று மாமா அப்பளத்தை நொறுக்கினார். வாசலில் இருந்து யாரோ கத்தினார்கள். எழுந்து ஓடினோம். கார் வலது பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. டயரின் பக்கவாட்டுச் சுவர், உள்ளே இருக்கும் நார் தெரியக் கிழிந்து தொங்கியது. காருக்குள் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை. தங்கை உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். அதை நினைத்த பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இனியாவது குனிவார்கள் என்று நினைத்தேன்.

"கம்பெனி மட்டமான கம்பெனி" என்றார் மாமா.

மாமியார் அதைக்கூடச் சொல்லவில்லை. டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கருநாக்கு" என்றார். "காலையில சொன்னா, மத்தியானம் வெடிச்சிருச்சு. அம்மாடி, என்னா நாக்கு!"

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. அதில் என் அம்மாவும் இருந்தார். எடை, காற்று, சூடு, வெயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டயரை வெடிக்க வைத்தது என் நாக்கு என்று நொடியில் முடிவாகிவிட்டது. அதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தங்கை புருஷன் என்னிடம் வந்து, "ஸ்டெப்னி மாட்டப் போறேன் மதினி, அதப் பத்தி எதுவும் சொல்லிறாதீங்க" என்று கெஞ்சினார். கேலி இல்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

அதன் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இதே கதைதான். நான் நடந்து வருவதைப் பார்த்தால் வண்டிக்காரர்கள் வண்டிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று நலம் விசாரிப்பார்கள். ஒருத்தர் டயரின் மேல் துண்டைப் போட்டு மூடினார். பெரிய மனிதர், கவுன்சிலருக்கு நின்றவர். அந்தத் துண்டுக்கு அடியில் வழுக்கையாக ஒரு டயர் இருப்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்று அவர் வண்டியே ஏறியிருக்க மாட்டார், அது அவருக்கு நல்லதாகவும் இருந்திருக்கும்.

வாரக் கடைசிகளில் தங்கையைப் பார்க்கச் சோழவந்தான் போவேன். சாயங்காலம் அவளை நடக்கச் சொல்லியிருந்தார்கள். வாசலுக்கும் தெருமுனைக்கும் நடப்போம். ஒருநாள் என் கார் அருகே நின்றுவிட்டாள்.

"அக்கா, இந்த டயருல எந்த நம்பருக்கா எடை?"

அவளால் குனிய முடியாது. நான் உட்கார்ந்து படித்தேன், அவள் நின்றபடி திரும்பச் சொன்னாள். எந்த எண் எடை, எந்த எழுத்து வேகம், பொடி எழுத்தில் இருப்பது எது, கதவுத் தூணில் இருப்பது எது. சூடாக இருக்கும்போது ஏன் அளக்கக் கூடாது என்றும் கேட்டாள். ஓடிய டயரில் காற்று கூடுதலாகக் காட்டும், ஆறின பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றேன். இரண்டு மூன்று வாரத்தில் ஒப்பிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் கேட்டாள். "அன்னைக்கு நான் எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்?"

"வலது பக்கம். பின்னால."

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

பையன் பிறந்தான். புகுந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. வில்லாபுரத்திலிருந்து கார் வந்து நின்றதும் நான் முதலில் பார்த்தது டயரைத்தான். நான்கும் புதுசு. முன் டயரும் பின் டயரும் ஒரே அளவில் இருந்தன. புத்தி வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் ஏமாந்துபோனேன். தங்கை புருஷனே விளக்கினார். "கருநாக்குப் பட்ட டயருல பேரன ஏத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு மதினி. நாலையும் மாத்திட்டோம். எழவு, கடைக்காரன் எந்த டயருன்னு கேட்டான். வண்டியோட வந்த மாதிரியே போடுன்னு சொல்லிட்டேன்."

ஆக, என் படிப்பால் நடக்காதது என் நாக்குக்குப் பயந்து நடந்திருந்தது. இதற்கு அழுவதா சிரிப்பதா?

இந்தத் தடவை பொட்டு இன்னும் பெரிசு. மாமியார் இறங்கியவுடன் காருக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார். பேரனைக் கையில் வாங்கிக் கொஞ்சினார். நான் அவனைத் தொட நெருங்கியபோது, பால் குடிக்கிற நேரம் என்று சொல்லி என் தங்கையிடமே திருப்பிக் கொடுத்தார். என்னைத் தாண்டித்தான் கொடுத்தார். மாமாவும் வந்திருந்தார். வந்தது மூன்றே பேர்தான், தங்கையும் பிள்ளையும் சேர்ந்தால் ஒற்றைப்படை தானாகவே வந்துவிடும்.

கிளம்பும் நேரம் தங்கை பிள்ளையைத் தோளில் போட்டபடி பின் டயர் அருகே போனாள். குனிந்தாள். கட்டைவிரலை வைத்துப் பொட்டைத் துடைத்தாள்.

மாமியார் அவசரமாகக் கிட்டே வந்தார்.

"தொண்ணூத்தி நாலு" என்றாள். "சரியாத்தேன் இருக்கு. காத்து எம்புட்டு?"

தங்கை புருஷன் பெருமையாக, "ஃபுல்லு! டயருலயே போட்டிருக்கே, மேக்ஸ் நாப்பத்தி நாலுன்னு. மாமா அம்புட்டையும் அடைக்கச் சொல்லிட்டாரு. இனி அமுங்கவே அமுங்காது" என்றார். மாமா சாட்சிக்கு ஒரு எத்து எத்திக் காட்டினார்.

தங்கை முன்கதவைத் திறந்தாள். "இங்க என்ன ஒட்டிருக்கு, படிங்க."

அவர் குனிந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாகக் குனிந்தார். "முப்பத்தி மூணு" என்று படித்தார்.

"அப்ப கொறைங்க. இப்பக் கொறைக்காதீங்க, ஓடி வந்த டயரு சூடா இருக்கும். ஆறட்டும். அக்காகிட்ட அளக்குறது இருக்கு, வாங்கி அளந்து கொறைங்க. அதுக்கப்பறந்தேன் ஏறுவேன்."

"நல்ல நேரம் முடியப்போகுது" என்றார் மாமியார்.

"முடிஞ்சா முடியட்டும்த்தே."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா நாக்கு இவளுக்கும் ஒட்டிக்கிருச்சு" என்றார்.

"ஆமாத்தே, ஒட்டிக்கிருச்சு." குங்குமம் ஒட்டிய விரலோடு அவள் நேராக என்னிடம் வந்தாள். அத்தனை பேர் பார்க்க, பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "இவனப் புடிக்கா. எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும்."

மாமா வேட்டியை இடுக்கிக்கொண்டு டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சுடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புது டயர் ஆறுவதற்கு நேரமாகும். ஆறும்வரை பிள்ளை என்னிடம்தான் இருந்தான்.